பழைய மிர்ரர் படகு கைக்கு வந்தால்: முதலில் 555 நோட்டு, அப்புறம் உப்புத்தாள்

பழைய மரப் பாய்ப்படகு ஒன்று உங்கள் கைக்கு வந்துவிட்டதா? நிழலான இடத்தில், மண்ணில் படாமல், இரண்டு கட்டைமேல் கவிழ்த்து வையுங்கள். ஒரு மாதத்துக்கு எதையும் கழற்ற வேண்டாம், சுரண்ட வேண்டாம். ஹார்ட்வேர் கடைப் பக்கமே போகாதீர்கள். மளிகைக் கடையில் கடன் எழுதும் 555 நோட்டு ஒன்று, ஒரு பென்சில், ஓர் அளவு நாடா. இந்த மாதச் செலவு அவ்வளவுதான்.

இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக்கில், ஆயர் தாவார் பக்கம். சுற்றிலும் செம்பனை; தாத்தா காலத்தில் பால்மரம். தாத்தா தோட்டத்து ஆசாரி. கடலுக்கும் எங்கள் வீட்டுக்கும் சம்பந்தம் என்றால் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புதான். பழைய புகைக்கூடத்தை இடிக்கப் போகிறார்கள், தகரம் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள், லோரியோடு போனேன். தகரத்துக்கு அடியில் இது கிடந்தது. மூக்கு சப்பையாக, பெட்டி மாதிரி இருந்ததால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி என்றே நினைத்தேன். உள்ளே கோழி முட்டையிட்ட வைக்கோல். பக்கத்தில் ஒரு சாக்கில் சிவப்புத் துணி. மிளகாய் காயப்போட நன்றாக இருக்கும் என்று அத்தை அதை எடுத்து வைத்துக்கொண்டார். வெள்ளைக்காரத் துரை கடலோர ஊரான லுமுட்டுக்குக் கொண்டுபோய் விடும் படகு அது என்று பெரிய கிராணி வீட்டுத் தாத்தா சொன்ன பிறகுதான், அத்தையிடம் போய்ப் பாயைத் திரும்பக் கேட்டேன்.

என்ன படகு என்று தெரிந்துகொள்வது

என்னுடையது மிர்ரர். இங்கிலாந்தில் டெய்லி மிர்ரர் நாளிதழ் முன்னின்று வெளிக்கொண்டுவந்த படகு. வடிவமைத்தவர் ஜாக் ஹோல்ட். கூடச் சேர்ந்தவர் டிவியில் வீட்டு மராமத்து வேலை கற்றுக்கொடுத்த பேரி பக்னெல். 1963 ஜனவரியில் லண்டன் படகுக் கண்காட்சியில் வைத்தார்கள். விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். துண்டு துண்டாகப் பெட்டியில் வரும். பலகை விளிம்புகளில் துளை போட்டு, செம்புக் கம்பியால் துணி தைப்பது மாதிரி தைத்து, மூட்டின்மேல் கண்ணாடி நார்ப் பட்டையை ரெசினால் ஒட்டி, வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம். இப்படி உலகெங்கும் 70,000க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். அப்படியானால் இதில் என்ன அருமை என்று கேட்கலாம். அவ்வளவும் 5 மில்லிமீட்டர் பிளைவுட். நம் மழையும் கறையானும் சேர்ந்தால் என்ன மிஞ்சும்? இந்த நாட்டில் உருக்குலையாமல் தப்பிய பழைய மர மிர்ரரை நான் நேரில் பார்த்தது மூன்றே மூன்று.

அடையாளம் சுலபம். நீளம் 3.30 மீட்டர், அகலம் 1.39. முன்பக்கம் கூராக இல்லாமல் வெட்டிவிட்டது மாதிரி இருக்கும். பாய் சிவப்பு. அடிப்பலகை மூட்டை ஈரத்துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்: வரிசையாகச் சின்னச் சின்னப் பச்சைப் புள்ளிகள் தெரிந்தால், அதுதான் அந்தச் செம்புக் கம்பியின் வெட்டுமுனை. ஈர்க்குச்சி நுனி அளவுக்கூட இருக்காது. ஆனால் ஒரு தடவை கண்ணில் பட்டால் மறக்காது.

உங்களுடையது வேறாகவும் இருக்கலாம். கூர்மூக்கும் நீலப் பாயும் நாலு மீட்டர் நீளமும் என்றால், அதே ஹோல்ட் 1956இல் வடிவமைத்த எண்டர்பிரைஸ். பாயில் மணிச் சின்னம் இருந்தால் 1949இன் ஜி.பி. 14, அதுவும் அவருடையதே. பின்னால் சொல்லப்போகும் வேலைகள் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

பாயில் உள்ள எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பாய் படகுக்குப் படகு மாறும். எவனோ விற்றிருப்பான், எவனோ வாங்கியிருப்பான். படகின் உடம்பில் எண் பொறித்திருக்கிறதா என்று தேடுங்கள். பெயிண்ட் ஏழெட்டுப் பூச்சு ஏறியிருக்கும்; சுரண்டாமல், மேலே தாள் வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எண் எழும்பும். அந்த எண்ணும் பாய் எண்ணும் இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். மற்ற உரிமையாளர்களிடம் பேசப் போகும்போது அதுதான் உங்கள் ஐ.சி., அடையாள அட்டை.

அளவெடுப்பதும், எறியாமல் இருப்பதும்

நான் கெட்டது இங்கேதான்.

மிர்ரரின் பாய்மரம் குட்டையானது. அதன்மேல் இன்னொரு கழி, பழைய தமிழில் பருமல், ஏறி நிற்கும். கயிற்றை இழுத்தால் பருமல் பாய்மரத்தை ஒட்டியபடி மேலே போய் உயரத்தைக் கூட்டும். கழிகள் எல்லாம் படகுக்குள்ளேயே அடங்கிவிடும், காரின்மேல் கட்டிக்கொண்டு போகலாம். அந்த யோசனையில் செய்தது. பருமலின் அடியில் பாய்மரத்தைக் கவ்விக்கொள்ள ஒரு கவை உண்டு, உண்டிவில் கவை மாதிரி. என் படகில் அது பாதி மக்கி, தொட்டால் தூளாகக் கொட்டியது. வீட்டை ஒழிக்கிறேன் பேர்வழி என்று போகி அன்று விடியற்காலையில் அதையும் சுக்கான் பலகையையும் நெருப்பில் போட்டேன். பழையன கழிதல்! அளவெடுக்கவில்லை. படமும் பிடிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துப் புதுக் கவை செய்ய உட்கார்ந்தபோதுதான், அது எந்தச் சரிவில் இருந்தது, வாய் எவ்வளவு அகலம், தோல் வைத்துச் சுற்றியிருந்ததா இல்லையா, ஒன்றும் ஞாபகத்தில் இல்லை என்று தெரிந்தது. குத்துமதிப்பாகச் செய்தேன். பாய்மரத்தில் சிக்கிக்கொண்டு பாதியில் நின்றது. மறுபடி செய்தேன். தொளதொளவென்று ஆடியது.

அதனால் ஒரே சட்டம்: மக்கிய துண்டுதான் உங்கள் அச்சு. புதுத் துண்டு பொருந்தித் தண்ணீரில் ஒரு வருடம் ஓடும்வரை பழையதை எறியக் கூடாது. ஒவ்வொன்றையும் அரிசிச் சாக்கில் போட்டு, எங்கிருந்து கழற்றியது, எந்தப் பக்கம் முன்னே பார்த்திருந்தது என்று அட்டையில் எழுதிக் கட்டுங்கள். திருகாணிகளையும் எறியாதீர்கள். பழைய ஆங்கிலேயப் படகில் திருகாணி அங்குலக் கணக்கில் இருக்கும். நம் கடையில் மில்லிமீட்டர் சொல்லி வாங்கினால் பழைய துளையில் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது.

நோட்டில் எழுதும்போது இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் செய்தது. தேதி முக்கியம். தப்பாகப் போனதையும் எழுதுங்கள், அதைத்தான் அடுத்தவன் முதலில் தேடுவான்.

இன்னொரு உரிமையாளரிடம் கேட்பது

கவை விஷயத்தில் என்னைக் காப்பாற்றியவர் போர்ட்டிக்சன் பக்கத்தில் இருக்கும் ஓர் அண்ணன். மிர்ரர் வைத்திருக்கிறார் என்று லுமுட்டில் படகு எஞ்சின் பார்க்கும் ஒருவர் சொல்லி, போன் நம்பர் கிடைத்தது. என் முதல் கேள்வி, "அண்ணே, கவை எப்படிச் செய்வது?"

"தம்பி, இது என்ன கேள்வி? ரசம் எப்படி வைப்பது என்பது மாதிரி இருக்கு. உங்க பாய்மரம் எத்தனை மில்லிமீட்டர், அதைச் சொல்லுங்க முதல்ல."

அளந்து சொன்னேன். அப்புறம்தான் வழி பிறந்தது. கேட்கும் முறை இதுதான்: உங்கள் படகின் எண், எந்தத் துண்டு, உங்களிடம் இருக்கும் அளவு, எதில் சந்தேகம். ஒரு தடவைக்கு ஒரு கேள்வி. மில்லிமீட்டரா அங்குலமா என்று சொல்லாமல் எண்ணை மட்டும் அனுப்பாதீர்கள்.

அவர் தன் கவையைத் தமிழ் நாளிதழ்த் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, அதைப் போனில் படம் பிடித்து அனுப்பினார். நான் அதைக் கடையில் பெரிதாக்கி அச்செடுத்து, வெட்டி, வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் பொருந்தியது, மறுபக்கம் நாலு மில்லிமீட்டர் விலகியது. போனைச் சாய்த்துப் பிடித்திருக்கிறார். கிட்டே வைத்து எடுத்ததால் ஓரங்களும் பிதுங்கிவிட்டன. படம் அனுப்புவதானால், துண்டுக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் இரும்பு ரூலரை வைத்து, எட்ட நின்று, நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். அதைவிட நல்லது அசல் அளவிலேயே வரைந்து தபாலில் அனுப்புவது. பள்ளிக்கூடத்தில் ஒட்டுகிற மாஜோங் பேப்பர் அகலமாகக் கிடைக்கும். ஆனால் தாள் நம் ஊர் ஈரத்தில் உப்பும், ஏர்கோனில் சுருங்கும். அதனால் தாளின் மேலேயே இரண்டு புள்ளி வைத்து, இடைவெளி சரியாக 300 மில்லிமீட்டர் என்று எழுதிவிடுங்கள். பெறுபவர் அளந்து பார்த்தால் தாள் பொய் சொல்கிறதா என்று தெரிந்துவிடும். கடைசியில் அண்ணன் மூன்று மில்லிமீட்டர் பிளைவுட்டில் கவையின் அச்சை வெட்டிப் பார்சலில் போட்டார். அது பொருந்தியது.

பதிலுக்கு அவருக்கு வேண்டியது என்னிடம் இருந்தது. அவர் படகில் நடுவில் செருகும் பலகை தொலைந்துபோய், முன்னால் வைத்திருந்தவர் ஏதோ கதவுப் பலகையை வெட்டிச் செருகியிருந்தார். என்னுடையது அசல். அதை மாஜோங் பேப்பரில் வரைந்து அனுப்பினேன்.

ஒன்றை மனதில் வையுங்கள். இந்தப் படகுகளில் பல, கட்டியவரின் வீட்டுக் கூடத்தில் பிறந்தவை. ஒருவர் கை நேர்த்தி, ஒருவர் கை அவசரம். அடுத்தவர் கொடுக்கும் அளவை அப்படியே பலகையில் வெட்டாதீர்கள். முதலில் அட்டையில் வெட்டி உங்கள் படகில் வைத்துப் பாருங்கள். அப்புறம், கடன் வாங்கிய அச்சைத் திருப்பிக் கொடுங்கள். கொடுக்கும்போது நீங்கள் செய்த திருத்தத்தை அதன் முதுகிலேயே எழுதிக் கொடுங்கள்.

மக்கல் தேடுதல்

உப்புத் தண்ணீர் மரத்தை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. கெடுப்பது மழைத் தண்ணீரும் காற்றோட்டமில்லாத மூலையும். மிர்ரரில் முன்னேயும் பக்கங்களிலும் மூடிய காற்றறைகள் உண்டு. படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் பிடித்துக்கொள்பவை அவைதான். மூடியை இறுக்கிப் பூட்டிவிட்டு வருடக்கணக்கில் வைத்தால், உள்ளே சேர்ந்த ஈரம் அங்கேயே வெந்துகொண்டிருக்கும். முதலில் மூடிகளைத் திறந்து மூக்கை வையுங்கள். காளான் வாடை அடித்தால் பலகையைத் தேட வேண்டியதே இல்லை.

திருப்புளியின் பிடியால் இரண்டு அங்குலத்துக்கு ஒரு தட்டு. நல்ல மரம் 'டக்' என்னும். மக்கிய இடம் பழுத்த பலாக்காய் மாதிரி மந்தமாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, ஊசிமுனையால் குத்திப் பாருங்கள். பின்பலகையின் கீழ் மூலைகள், செருகுபலகைக் கூட்டின் அடி, பாய்மரத்தின் அடி உட்காரும் இடம், விளிம்புக் கட்டையில் திருகாணி இறங்கிய துளைகள் எல்லாவற்றையும் பாருங்கள். என் படகில் பார்வைக்குப் பளபளவென்றிருந்த பின்பலகையில்தான் ஊசி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. கறையான் மண் தெரிந்தால் அந்தப் படகை மற்ற மரச்சாமான் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

பிறகு உலர்த்துவது. வெயிலில் போட வேண்டாம், பலகை பிளந்துவிடும். கூரைக்கடியில் மேசை விசிறி ஒன்றைக் காற்றறைத் துளைக்கு நேராக வைத்து, இரண்டு மூன்று வாரம் ஓடவிடுங்கள். அதே மாதத்தில்தான் நோட்டு வேலையும் நடக்கிறது, அதனால் நேரம் வீணில்லை.

பலகை வாங்கும்போது

எந்த ஆசாரியைக் கேட்டாலும் செங்கால் என்பார். செங்காலை மிஞ்ச மரமில்லைதான். திரங்கானுவில் டூயோங் தீவுக்காரர்கள் அதில்தான் பெரிய படகு கட்டினார்கள். ஆனால் அது ஒரு கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் நிற்கும். மிர்ரரின் வெற்று உடம்பே 45 கிலோதான். இதில் செங்கால் கட்டை வைப்பது குருவி தலையில் பனங்காய். விளிம்புக்கும் கழிக்கும் நார் நேராக ஓடும் இலேசான மெராந்தி போதும்.

பிளைவுட்டில் கவனம் தேவை. கடையில் 'மரைன்' என்று சொல்வது பல நேரம் அடுக்களை அலமாரிக்கானது. படகுக்கான பிரிட்டிஷ் தரம் பி.எஸ். 1088. முத்திரை இருந்தாலும் விளிம்பைப் பாருங்கள்: அடுக்குகளுக்கு நடுவே இடைவெளி தெரியக்கூடாது. கையளவு துண்டு வாங்கிவந்து சில மணி நேரம் கொதிக்கவைத்து, அடுக்கு பிரிகிறதா என்று நெம்பிப் பாருங்கள். வீட்டில் சமைக்கும் பாத்திரம் வேண்டாம். நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒட்டுப்போடும் பலகையை முட்டுக்கு முட்டு வைக்கக் கூடாது. இரண்டு விளிம்பையும் சரிவாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று படியவைக்க வேண்டும். சரிவு ஒன்றுக்கு எட்டு: 5 மில்லிமீட்டர் பலகைக்கு 40 மில்லிமீட்டர். இழைப்புளி பிடித்துப் பழகாதவர்கள் வீணான பிளைவுட்டில் நாலைந்து தடவை சீவிப் பழகுங்கள். சீவிய சரிவில் அடுக்குக் கோடுகள் நேராக ஓடினால் சரி, நெளிந்தால் மேடு பள்ளம் இருக்கிறது.

எப்பாக்ஸியும் நம் ஊர் வெயிலும்

மூட்டின்மேல் இருக்கும் பழைய கண்ணாடி நார்ப் பட்டை பாலியெஸ்டர் ரெசினில் ஒட்டியது. அது மரத்தை விட்டுக் கிளம்பியிருந்தால் சூடு காட்டி, இளக்கி, உளியால் உரித்துவிடுங்கள். புதிதாக ஒட்ட எப்பாக்ஸி; ரெசினையும் கடினமாக்கியையும் கலந்தால் இறுகும் பசை. பழைய பாலியெஸ்டர் மேல் எப்பாக்ஸி பிடிக்கும். எப்பாக்ஸி மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. இதைத் தலைகீழாகச் செய்து அழுதவர்கள் உண்டு.

டப்பாவில் போட்டிருக்கும் விகிதம் எடையா கன அளவா என்று படித்துவிட்டு அளந்து கலக்குங்கள். சீக்கிரம் இறுக வேண்டுமென்று கடினமாக்கியைக் கூட ஊற்றினால் அது இறுகவே இறுகாது, பிசுபிசுத்துக்கொண்டு கிடக்கும். இன்னொன்று சூடு. மத்தியானம் ஒரு குவளை நிறையக் கலக்கி வைத்துவிட்டு, தே தாரே குடித்துவிட்டு வந்தேன். குவளை புகைந்துகொண்டிருந்தது, பிளாஸ்டிக் உருகி மேசையில் ஒட்டிவிட்டது. கொஞ்சமாகக் கலக்கி, உடனே அகலத் தட்டில் ஊற்றிப் பரப்பினால் சூடு அடங்கும், வேலைக்கும் நேரம் கிடைக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தோலுக்கு ஒருமுறை ஒவ்வாமல் போனால் அப்புறம் எப்போதும் ஒவ்வாது.

காலையில் பூசக் கூடாது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். பூச்சு முழுக்க அப்பளம் போலக் கொப்புளம். மாலை நாலு மணிக்கு மேல், சூடு இறங்கும் நேரத்தில் பூசினால் மரம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். மழை வரும்போல் இருந்தால் அன்றைக்கு வேலையை விடுங்கள். மறுநாள் மேலே எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி படர்ந்திருந்தால் அது ஈரக்காற்றால் வந்தது. வெறும் தண்ணீரும் பஞ்சும் போட்டுக் கழுவிவிட்டு, பிறகு உப்புத்தாள். கழுவாமல் தேய்த்தால் பிசுக்கைப் பரப்புகிறீர்கள், அடுத்த பூச்சு உரிந்துவிடும்.

எல்லாம் ஒட்டி முடிந்ததும் காற்றறையைச் சோதியுங்கள். மூட்டுகளில் சோப்பு நுரை தடவி, வடிகால் துளையில் ரப்பர் குழாய் வைத்து வாயால் ஊதுங்கள். நுரை குமிழ்விடும் இடம்தான் ஓட்டை. டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தை வைக்கவே வேண்டாம், பலகை வெடித்துவிடும்.

பெயிண்ட் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெளிர் நிறம் பூசுங்கள், வெயிலில் மரம் குறைவாகச் சுடும்.

பாய்

பாய்த்துணி பாலியெஸ்டர். மக்காது, ஆனால் வெயில் தின்னும், அதுவும் முதலில் தையல் நூலை. தையலை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நூல் பொடிந்தால் பாய் முழுவதும் மறுதையல். மோட்டார் சீட் தைக்கும் கடைக்காரரிடம் தடித்த பாலியெஸ்டர் நூல் இருக்கும், பழைய துளை வழியே ஓடச் சொல்லுங்கள். துவைக்கும் இயந்திரத்தில் போடாதீர்கள், குளோரோக்ஸ் மாதிரி வெளுக்கும் திரவமும் வேண்டாம். தொட்டியில் ஊறவைத்து மெல்லிய சோப்பு, நிழலில் உலர்த்தல். என் பாயில் அத்தையின் மிளகாய்க் கறை ஒன்று இன்னும் இருக்கிறது. சிவப்பில் சிவப்பு, தெரியாது.

பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்குப் பழைய கப்பல்காரர் தமிழில் தாமான் என்று பெயர். நம் ஊரில் தாமான் என்றால் ஆள் குடியிருக்கும் இடம் என்பதால், "தாமானை இழு" என்று நான் கத்தியபோது கூட வந்த மருமகன் கரையைத் திரும்பிப் பார்த்தான்.

தண்ணீரில் இறக்கும்போது

முதல் தடவை தெலுக் பாத்தேக் மாதிரியான ஒதுங்கிய வளைகுடாவில், முட்டியளவுத் தண்ணீரில், பாய் விரிக்காமல் மிதக்க விட்டு அரை மணி நேரம் பாருங்கள். பிறகு மூடியைத் திறந்து காற்றறைக்குள் கைவிடுங்கள். காய்ந்திருந்தால் பாய் கட்டலாம். அதற்கு முன்பே கடல்துறை அலுவலகத்தில் போய் உரிமம், எல்லை விவரம் கேட்டுக்கொள்ளுங்கள். லுமுட்டில் கடற்படைத் தளம் இருக்கிறது, அந்தப் பக்கம் ஒதுங்காதீர்கள். மிதவை அங்கி இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள். வருட நடுவில் சில நாள் விடியற்காலையில் மேற்கே கருமேகம் வில் மாதிரி வளைந்து வரும். அது சுமத்ரா காற்று. அதைக் கண்டால் அன்றைக்கு ரொட்டிச் சானாய் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புங்கள்.

வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, எல்லா மூடியையும் அடைப்பானையும் திறந்து வைத்துவிடுங்கள்.

அந்தக் கவையின் பிளைவுட் அச்சு இப்போது தைப்பிங்கில் ஒரு வாத்தியாரிடம் இருக்கிறது. முதுகில் மூன்று பேர் கையெழுத்தில் திருத்தம் ஏறிவிட்டது. உங்களுக்கு வேண்டுமென்றால், உங்கள் பாய்மரத்தின் தடிமனை அளந்துகொண்டு வாருங்கள். அப்படியே உங்கள் சுக்கான் பலகை அசலா என்றும் பாருங்கள். அசல் என்றால் அதை மாஜோங் பேப்பரில் வரைந்து கொண்டுவாருங்கள். என்னுடையது போகியில் போய்விட்டது, இன்னும் கிடைக்கவில்லை.